வெள்ளை அணுக்கள் கூடினால் எல்லோருக்கும் நல்லதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார இதழின் நலவாழ்வுப் பக்கத்தில் எதிர்ப்புச் சக்தியைப் பெருக்கும் உணவுகள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். வெள்ளை அணுக்கள் கூடக் கூட நோய் அண்டாது என்று அதில் எழுதியிருக்கிறார்கள். முடக்குவாதம் (மூட்டுகள் வீங்கி வலிக்கும் ‘ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்’) உள்ளவர்கள் அங்கே சொல்லப்பட்ட கஷாயத்தைக் குடித்துவந்தால் மாத்திரையைப் படிப்படியாக நிறுத்திவிடலாம் என்றும் ஒரு வரி இருக்கிறது. அந்த வரியை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்தினாலும் அவருடைய விரல்கள் கோணிப்போகக்கூடும். அதனால்தான் எழுதுகிறேன்.

மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ரத்தப் பரிசோதனை அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, “வெள்ளை அணு சரியாகத்தானே இருக்கிறது, பிறகு ஏன் இப்படி வலிக்கிறது?” என்று கேட்கும் பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். (இந்த நோய் ஆண்களைவிடப் பெண்களுக்கே இரண்டு மூன்று மடங்கு அதிகம்.) கேள்வி நியாயமானதுதான். ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில் 4,000 முதல் 11,000 வரை வெள்ளை அணுக்கள் இருப்பது இயல்பு. முடக்குவாதம் முற்றியவர்களுக்கும் பல நேரம் அந்த எண் இந்த வரம்புக்குள்ளேயே நிற்கும். கூட்டம் சேர்ந்திருக்கும் இடம் மூட்டு.

வீங்கிய முழங்காலிலிருந்து ஊசியால் எடுத்த நீரைப் பார்த்தால் இது விளங்கும். நல்ல மூட்டின் நீர் தெளிவாக இருக்கும், ஊசி முனையிலிருந்து நூல்போல் இழுபடும். அதில் வெள்ளை அணுக்கள் மைக்ரோ லிட்டருக்கு 200-ஐத் தாண்டாது. முடக்குவாத மூட்டின் நீர் கலங்கி, தண்ணீராகச் சொட்டும். அணுக்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும், சிலருக்குப் பதினாயிரக்கணக்கிலும் போகும். பெரும்பாலானவை நியூட்ரோபில்கள் என்ற வகை வெள்ளை அணுக்கள். கிருமியைக் கரைப்பதற்காக அவை வைத்திருக்கும் நொதிகள், கிருமியே இல்லாத அந்த இடத்தில் குருத்தெலும்பின்மேல் கொட்டுகின்றன. மூட்டின் உட்சவ்வில் வேறு வகை வெள்ளை அணுக்களான மேக்ரோபேஜ்களும் லிம்போசைட்களும் வந்து குடியேற, மெல்லிய சவ்வு தடித்துப் படர்ந்து எலும்பின் ஓரத்தைத் தின்னத் தொடங்குகிறது. எலும்பைக் கரைக்கும் செல்களும் வெள்ளை அணுக்களின் வழிவந்தவையே. வந்து சேர்ந்த அணுக்கள் டிஎன்எஃப், இன்டர்லூகின்-6 போன்ற பொருள்களைச் சுரந்து மேலும் அணுக்களை அழைக்கின்றன. அழற்சி ஆண்டுக்கணக்கில் அடங்காமல் இருப்பதற்கு இதுவே பெரிய காரணம்.

1882-இல் இத்தாலியின் மெசினா நகரில் ரஷ்ய விலங்கியலாளர் மெச்னிகாஃப், நட்சத்திர மீனின் இளம்புழுவுக்குள் ரோஜா முள்ளைச் செருகினார். செல்கள் ஊர்ந்துவந்து முள்ளைச் சூழ்ந்துகொண்டதைக் கண்டார். வெள்ளை அணுக்களைக் காவலர்களாக நாம் எண்ணுவது பெரிதும் அங்கிருந்து வந்தது. 1908-இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அந்த எண்ணம் தவறில்லை. ஆனால் முடக்குவாதத்தில் பிடுங்கி எறிய முள் எதுவும் இல்லை. தன் உடலையே அயலாகக் கொண்டு அணுக்கள் சூழ்ந்துகொள்கின்றன. அங்கே போய் அவற்றைப் பெருக்கச் சொல்வது எப்படி மருத்துவமாகும்?

நோயாளிகளுக்கு விடிவு வந்தது அவற்றை அடக்கியதால். லுதியானாவில் பிறந்த ரவீந்தர் மைனி, மார்க் ஃபெல்ட்மன் என்ற இரு மருத்துவ ஆய்வாளர்கள் 1992-இல் லண்டனில் டிஎன்எஃப்-ஐத் தடுக்கும் மருந்தை முடக்குவாத நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சில வாரங்களிலேயே வீக்கமும் வலியும் குறைந்தன. அந்த மருந்துக்கும் காவல் வேண்டும். நுரையீரலில் உறங்கும் காசநோய்க் கிருமியைச் சுற்றி மேக்ரோபேஜ்கள் கட்டியிருக்கும் அரணைத் தாங்கிப் பிடிப்பதும் இதே டிஎன்எஃப்தான். தடுத்துவிட்டால் காசநோய் விழித்துக்கொள்ளக்கூடும். காசநோய் மிகுந்த நம் நாட்டில் காசநோய்ச் சோதனையைச் செய்யாமல் இந்த மருந்தைத் தொடங்கக் கூடாது. ஆக, கூட்டுவதும் சரி, குறைப்பதும் சரி, வீட்டில் நாமாக முடிவுசெய்கிற காரியம் அன்று.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டாலே ரத்தத்தில் வெள்ளை அணு எண்ணிக்கை ஏறும். புகைபிடித்தாலும் ஏறும், புகையோ முடக்குவாதத்தையே வரவழைக்கக்கூடியது. அறிக்கையில் எண் ஏறிவிட்டது என்று யாரும் மகிழ வேண்டாம்.

கஷாயத்தின்மேல் எனக்குப் பகை கிடையாது. சுக்கும் மிளகும் எங்கள் வீட்டிலும் உண்டு. மாத்திரையை நிறுத்தச் சொன்னதுதான் பொறுக்கவில்லை. இந்த நோயில் எலும்பு அரிப்பு பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் தொடங்கிவிடுகிறது. அரித்துப்போனது பழையபடி வளர்வது அரிது. மருந்து இல்லாமல் கழியும் ஒவ்வொரு மாதமும் நோய்க்குக் கிடைத்த மாதம்.

எனவே, அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் ஒரு திருத்தம் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். முடக்குவாதத்துக்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது என்று அதில் இருக்க வேண்டும். இந்த நோய்க்குப் பரவலாகத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே சாப்பிட வேண்டும், தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து என்பதையும், ரத்த அணுக்கள், கல்லீரல் பரிசோதனைகளைத் தவறாமல் செய்துகொள்ள வேண்டும் என்பதையும் சேர்த்துவிடுங்கள். எந்த மருந்துக் கடையிலும் கத்தரித்து ஒட்டும்படி கட்டம் கட்டிப் போட்டால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்பநர்,
திருச்சி