மாவு வரும் ஊர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த அமெரிக்கப் பயணக் கட்டுரையில் ஓஹையோ மாநிலத்து எல்லோ ஸ்பிரிங்ஸ் கிராமத்துக்கு ஒன்றரைப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். பெயரைப் பார்த்ததுமே சந்தோஷம் தாங்கவில்லை, ஏனென்றால் என் மகள் குடும்பம் அங்கேதான் இருக்கிறது, மாப்பிள்ளைக்குப் பக்கத்து டேட்டன் நகரில் வேலை, நானும் என் மனைவியும் இரண்டு தடவை போய் மாதக்கணக்கில் தங்கிவிட்டு வந்திருக்கிறோம். ஆனால் கட்டுரையைப் படித்து முடித்தபோது மனசு நிறையவில்லை. நகைச்சுவைக் கலைஞர் டேவ் சாப்பல் வசிக்கும் ஊர், கடைத்தெரு அழகு, ஐஸ்கிரீம் நன்றாக இருக்கும், அவ்வளவுதான். சாப்பல் இருப்பது உண்மைதான். ஆனால் அவருடைய அப்பா அந்த ஊர் ஆன்டியாக் கல்லூரியில் ஆசிரியராக இருந்ததால்தான் சாப்பலுக்கு அந்த ஊரோடு உறவு. அந்தக் கல்லூரியைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்பதுதான் என் முதல் வருத்தம். இரண்டாவது வருத்தம் மாவைப் பற்றியது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் இருந்த ஒரு டிசம்பரில், கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்னால், எதிர் வீட்டு வாசலில் கிராம நிர்வாகத்தின் வண்டி வந்து நின்றது. அந்த வீட்டில் எண்பது வயது தாண்டிய ஒரு அம்மா தனியாக இருக்கிறார். ஊழியர் ஒருவர் இறங்கி, பூட்ஸில் ஒட்டிய பனியைப் படியிலேயே தட்டிவிட்டு, ஒரு பை மாவும் ஒரு பை சர்க்கரையும் கொடுத்துவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் மகளோடு அங்கே போனோம். பை அப்படியே சமையல் மேடை மேல் இருந்தது. யார் கொடுத்தது என்று கேட்டால் அந்த அம்மா, "வீலிங் காண்ட் அனுப்பியது" என்றார், ஏதோ பக்கத்துத் தெருவில் இருக்கும் மாமா கொடுத்தனுப்பியது போல.

வீலிங் காண்ட் 1894-ல் இறந்துபோனவர். கென்டக்கியில் அடிமையாகப் பிறந்து, கிடைத்த சில்லறை வேலைகளையெல்லாம் செய்து காசு சேர்த்து, 1845-ல் 900 டாலர் கொடுத்துத் தன்னைத் தானே விலைக்கு வாங்கி விடுதலையானவர். அப்புறம் 500 டாலர் சேர்த்துத் தன் மனைவியையும் வாங்கினார். (அவர் கதையை மகள் வாசித்துச் சொன்னபோது, இந்த இடம் வந்ததும் என் மனைவி எழுந்து உள்ளே போய்விட்டாள்.) 1860-களில் எல்லோ ஸ்பிரிங்ஸுக்கு வந்து நிலமும் வீடுமாக வாங்கி, ஊரின் வசதியான மனிதர்களில் ஒருவரானார். சாகும்போது 9 ஏக்கர் நிலத்தை ஊருக்கு எழுதிவைத்தார், ஒரே நிபந்தனையோடு: அதன் குத்தகைப் பணத்தில் ஊரில் கணவனை இழந்த ஏழைப் பெண்களுக்கு மாவு வாங்கிக் கொடுக்க வேண்டும். இன்று அந்த நிலம் குத்தகைக்குப் போவதில்லை, அவர் பெயரிலேயே பூங்காவாகிவிட்டது. நிலத்திலிருந்து காசு வருவது நின்றுபோனாலும் மாவு நிற்கவில்லை. பிற்பாடு சர்க்கரையும் சேர்த்துக்கொண்டார்கள். நூற்றிருபது வருடத்துக்கு மேல் ஒரு பஞ்சாயத்து ஒரு சொல்லைக் காப்பாற்றி வருகிறது என்றால் அதை எழுத வேண்டாமா?

ஊர் பெரிதும் இல்லை. ஓஹையோ சட்டப்படி 5,000 பேருக்குக் குறைந்தால் கிராமம். இங்கே 2020 கணக்கெடுப்பில் சுமார் 3,700 பேர். ஐந்து பேர் கொண்ட சபை. மின்சாரம், தண்ணீர் எல்லாம் கிராமமே விநியோகிக்கிறது. 1880-லிருந்து சொந்தமாக ஒரு வாரப் பத்திரிகை வேறு. ஊரின் பெயருக்கே (தமிழில் சொன்னால் 'மஞ்சள் ஊற்றுகள்') காரணமான ஊற்று ஊரை ஒட்டிய கிளென் ஹெலன் காட்டுக்குள் இருக்கிறது. அதன் தண்ணீரில் இரும்புச் சத்து அதிகம், வழிந்து வழிந்து பாறை முழுக்கக் காவி ஏறிக் கிடக்கிறது. கையில் ஏந்திக் குடித்துப் பார்த்தேன், பழைய அடிகுழாய்த் தண்ணீரின் ருசி.

ஊரின் ஆரம்பமே ஒரு கனவுதான். 1825-ல் ராபர்ட் ஓவன் என்ற பிரிட்டிஷ் சமதர்மச் சிந்தனையாளரின் கொள்கையை நம்பிய குடும்பங்கள் சொத்தைப் பொதுவில் வைத்து வாழலாம் என்று வந்து குடியேறி, சீக்கிரமே சண்டை போட்டுப் பிரிந்துவிட்டன. 1846-ல் ரயில் வந்த பிறகுதான் ஊர் தலையெடுத்தது (அந்தத் தடம் இப்போது சைக்கிள் பாதை, தினமும் காலையில் அதில்தான் நடப்போம்). 1853-ல் ஆன்டியாக் கல்லூரி திறந்தது. முதல் தலைவர், பொதுக்கல்விக்காகப் பாடுபட்ட ஹோரஸ் மேன். பெண்களுக்கும் ஆண்களுக்கும் ஒரே பாடத்திட்டம், அந்தக் காலத்திலேயே! 1859-ல் பட்டம் பெறும் மாணவர்களிடம் "மனித குலத்துக்காக ஒரு வெற்றியாவது பெறாமல் சாவதற்கு வெட்கப்படுங்கள்" என்று பேசிவிட்டு, சில வாரங்களில் அவரே போய்ச் சேர்ந்தார்.

1862-ல், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருக்கும்போது, மான்கியூர் கான்வே என்ற அடிமை முறை எதிர்ப்பாளர் தன் சொந்த அப்பாவிடம் அடிமைகளாக இருந்து தப்பிவந்த முப்பது பேர் வரை ரயிலில் கூட்டிக்கொண்டு வந்து இங்கேதான் குடிவைத்தார். எங்கே கொண்டுபோனால் இவர்களை நிம்மதியாக வாழவிடுவார்கள் என்று யோசித்து அவர் தேர்ந்தெடுத்த ஊர் இது. அதே கான்வே 1884-ல் நம் அடையாறு பிரம்மஞான சபைக்கும் வந்துபோயிருக்கிறார்.

இதையெல்லாம் வைத்து ஊரைக் கோயிலாக்கி விடவும் கூடாது. பின்னாளில் மார்ட்டின் லூதர் கிங்கின் மனைவியான கோரெட்டா ஸ்காட் 1940-களின் கடைசியில் ஆன்டியாக்கில் படித்தபோது, ஆசிரியர் பயிற்சிக்காக ஊர்ப் பள்ளியில் பாடம் நடத்த அவரை அனுமதிக்கவில்லை, கறுப்பினத்தவர் என்ற ஒரே காரணம். 1960-களில் கறுப்பினத்தவருக்கு முடி வெட்டமாட்டேன், எனக்கு வெட்டத் தெரியாது என்று ஒரு முடிதிருத்தும் கடைக்காரர் பிடிவாதம் பிடித்தார். சுற்றுவட்டார மாணவர்களும் ஊர்க்காரர்களும் 1964 மார்ச் 14 அன்று தெருவில் உட்கார்ந்துவிட்டார்கள். கண்ணீர்ப்புகை, தண்ணீர்ப் பீய்ச்சல், நூறு பேருக்கு மேல் கைது. கடைசியில் அவர் கடையை மூடிவிட்டார். மறுவருடம் கிங்கே வந்து ஆன்டியாக் பட்டமளிப்பு விழாவில் பேசினார். தனிக்குவளை டீக்கடையைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்தத் தெருவில் நின்றபோது வயிற்றைப் பிசைந்தது.

எனக்கு நெருக்கமான இன்னொருவர் ஆர்தர் மார்கன். 1913 வெள்ளத்துக்குப் பிறகு டேட்டனைக் காக்க அணைகள் கட்டிய எஞ்சினியர். 1920-ல் ஆன்டியாக்கின் தலைவராகி, கொஞ்ச காலம் படிப்பு, கொஞ்ச காலம் வேலை என்று மாறி மாறி வரும் முறையைக் கொண்டுவந்தார். அணைகள் கட்டி மின்சாரம் தந்த அமெரிக்க அரசு நிறுவனமான டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தின் முதல் தலைவரும் அவரே. அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்கச் சிற்றூர்களுக்காகவே எழுதினார், பேசினார். 1948-ல் ராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழுவில் அவர் உறுப்பினர். கிராமப் பல்கலைக்கழகம் வேண்டும் என்று அந்தக் குழு சொன்னதற்குப் பின்னால் முக்கியமாக இருந்தவர் அவர். அந்த வழியில் 1956-ல் தொடங்கிய கிராமிய உயர்கல்வி நிறுவனங்களில் ஒன்று காந்திகிராமம். நான் அங்கே படித்தவன். நான் படித்த படிப்பை ஒரு காலத்தில் யோசித்த மனிதர் நடந்த தெருவில் என் பேத்தி சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டாள் என்பது எனக்கு இன்னமும் நம்ப முடியாத விஷயம்.

இப்போது ஊருக்குக் கஷ்டங்கள் உண்டு. 2008-ல் கல்லூரி மூடிவிட்டது. பழைய மாணவர்கள் பணம் திரட்டி அதை வாங்கி 2011-ல் மறுபடி திறந்தார்கள், ஆனால் சிறியதாக. வீட்டு விலை ஏறிக்கொண்டே போகிறது, தலைமுறை தலைமுறையாக இருந்த கறுப்பினக் குடும்பங்கள் குறைந்துவிட்டன. குறைந்த விலை வீடுகளுக்கும் இடம் வைத்திருந்த ஒரு குடியிருப்புத் திட்டம் 2022-ல் ஊர்ச் சபையில் நான்கு வாக்குதான் பதிவாகி, அதுவும் இரண்டுக்கு இரண்டாகப் பிரிந்து விழுந்துபோனது. காண்ட் மாதிரி ஒருவர் இன்றைக்குக் கையில் கொஞ்சம் காசோடு வந்தால் அங்கே வீடு வாங்க முடியுமா என்று எதிர் வீட்டு அம்மாவே கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

அடுத்த முறை உங்கள் கட்டுரையாளர் அந்தப் பக்கம் போனால் தயவுசெய்து டிசம்பரில் போகச் சொல்லுங்கள். குளிர் எலும்பைக் குத்தும்தான், ஆனால் மாவு வண்டியைப் பார்க்கலாம்.

அன்புடன்,
உங்கள் நெடுநாள் வாசகர்,
சின்னாளபட்டி.