ஊட்டி மலை ரயில் பயணம் விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தமிழ்நாட்டுப் பயணங்களை ஏற்பாடு செய்யும் அன்பர்களுக்கு வணக்கம்.

தீபாவளிக்குப் பிறகு போய்வந்த குழுவைப் பற்றித்தான் இந்த மடல். நடந்தது உங்களுக்கே தெரியும். துண்டறிக்கையில் நீராவி இன்ஜின் படம் போட்டீர்கள். அங்கே போனதும் பெரியவர்களை வேனில் மலையேற்றினீர்கள். ஊட்டியில் டீசல் வண்டியில் உட்காரவைத்துக் குன்னூரில் இறக்கிவிட்டு, "இதுதான் அந்த ரயில்" என்றும் சொல்லிவிட்டீர்கள்.

அந்தக் குழுவில் இருந்த ஒரு பாட்டி, வண்டி நின்ற இடத்தில் குனிந்து தண்டவாளத்தைப் பார்த்து, "தம்பி, பல்லு வச்ச தண்டவாளம் எங்கய்யா?" என்று வழிகாட்டியிடம் கேட்டிருக்கிறார். பேரன் சொல்லிக் கொடுத்து அனுப்பிய கேள்வி அது. "அதெல்லாம் இப்போ இல்ல பாட்டி" என்று பதில் வந்திருக்கிறது. அது பொய். பல் தண்டவாளம் இருக்கிறது, அதே குன்னூருக்குக் கீழேதான். தோட்டத்தில் காலமெல்லாம் பால்மரம் (ரப்பர்) வெட்டிய அந்தப் பாட்டியின் முழங்கால் அது. சேமநிதிப் பணத்தில் சேர்த்துவைத்த வெள்ளி (ரிங்கிட்) அது. இரண்டாம் முறை போய்வர அவருக்கு உடம்பும் இடம் கொடுக்காது, பணமும் இல்லை.

விற்கும் பொருள் என்னவென்று விற்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மேட்டுப்பாளையம் 326 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஊட்டி 2,203 மீட்டரில். நடுவே சுமார் 46 கிலோமீட்டர் பாதை, 208 வளைவுகள், 16 குகைகள். மலையடிவாரத்துக் கல்லாரிலிருந்து குன்னூர்வரை ஏற்றம் ஏறக்குறைய 12-க்கு 1, அதாவது 12 மீட்டர் போனால் 1 மீட்டர் உயரும். நம் ஊர் வழியே போகும் கேடிஎம் (மலேசிய ரயில்) பாதையும் அதே மீட்டர் கேஜ்தான், தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர். ஆனால் அந்த ஏற்றத்தில் வெறும் சக்கரம் வழுக்கிவிடும். அதனால்தான் நடுவில் இரண்டு பல் பட்டைகளை அருகருகே பதித்திருக்கிறார்கள். ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதற்குப் பள்ளம் வரும். எந்த நேரமும் ஏதாவது ஒரு பல் பிடித்திருக்கும்.

அதற்கென்றே 1914 முதல் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் கட்டப்பட்டவை எக்ஸ் வகுப்பு இன்ஜின்கள். நான்கு சிலிண்டர்கள். அவற்றில் இரண்டு சிலிண்டர்கள் சாதாரணச் சக்கரங்களை ஓட்டும். அந்த இரண்டில் வேலை செய்து முடித்த நீராவியே பல் பகுதியில் மற்ற இரண்டுக்கும் போய்ப் பல்சக்கரத்தைச் சுழற்றும். கல்லாரைத் தாண்டிப் பல் கவ்வியதும் இன்ஜினின் மூச்சுச் சத்தமே மாறிவிடும். இன்ஜின் எப்போதும் இறக்கப் பக்கம்தான் நிற்கும், பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளும். ஒவ்வொரு பெட்டியிலும் பிரேக் போட ஓர் ஆள் கொடியோடு நிற்பார். அந்தப் படத்தைக் காட்டி நீங்கள் பணம் வாங்கியது இதற்குத்தான். குன்னூருக்கு மேலே பல் கிடையாது, டீசல் இன்ஜின்தான் ஓடும். பாதை நிர்வாகம் இதை ஒளிக்கவில்லை. ஒளித்தது துண்டறிக்கை.

ஆகவே எங்கள் முக்கியக் கோரிக்கை இதுதான்: எந்த ஊரிலிருந்து எந்த ஊர்வரை, எந்த இன்ஜின், யார் பெயரில் உறுதியான இருக்கை என்பதை முன்பணம் வாங்கும் முன் எழுதிக் கொடுங்கள்.

செய்ய முடியாத காரியம் இல்லை. மேட்டுப்பாளையத்தில் வண்டி காலை ஏழு மணிக்குச் சற்றுப் பின் கிளம்பும். முந்தைய இரவு அங்கேயே தங்கவேண்டும். இருக்கைகள் குறைவு. முன்பதிவு திறந்த அன்றே ஒவ்வொருவர் பெயரிலும் எடுக்காவிட்டால் கிடைக்காது, "போய்ப் பார்த்துக்கலாம்" என்பது அங்கே நடக்காது. பெட்டிகளில் கழிவறை இல்லை. வழியில் ஹில்குரோவ் நிலையத்தில் இன்ஜின் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது இறங்கலாம் என்று சர்க்கரை நோயாளிகளுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர்வரை வடகிழக்குப் பருவமழை; மண் சரிந்தால் முதலில் நிற்பது இந்தப் பல் பகுதிதான். நீங்கள் குழுவை அழைத்துப் போவதும் சரியாக அதே மாதங்களில். வண்டி ரத்தானால் எவ்வளவு வெள்ளி திருப்பித் தருவீர்கள் என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும்.

ரயில் மட்டுமா? ஒன்பது நவக்கிரகக் கோயிலையும் ஒரே நாளில் ஓட்டமாக முடிக்கிறீர்கள். வைத்தீஸ்வரன் கோயிலில் அரை மணி, சேலைக் கடையில் இரண்டு மணி. எதிர்த்துக் கேட்கத் தெரியாத தோட்டத்துப் பெரியவர்கள் என்பதால்தானே இது நடக்கிறது? அதைத் தனியே பேசுவோம். கோபத்தில் சொல் நீண்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் குழுக்களில் பல திருச்சியில் போய் இறங்குகின்றன. புதிய எக்ஸ் இன்ஜின்களைக் கட்டிய பொன்மலைப் பட்டறை அதே ஊரில்தான் இருக்கிறது. படத்தில் உள்ள இன்ஜின் இன்றும் ஓடுகிறது. ஏற்றிவிடுவது உங்கள் கையில்.

அடுத்த குழுவுக்கான துண்டறிக்கை அச்சுக்குப் போகும் முன், எந்தப் பகுதி, எந்த இன்ஜின், யாருடைய இருக்கை என்ற அந்த மூன்று விவரங்களையும் சேர்க்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். ஏமாந்து திரும்பியவர்களுக்கு ரயில் கட்டணப் பகுதியையாவது திருப்பிக் கொடுங்கள்.

மரியாதையுடன்,
சுங்கை சிப்புட் ரயில் ஆர்வலர்கள் சிலர்