டொமைன் பெயருக்கு வழிகாட்டி மதிப்பு கிடையாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டொமைன் எனப்படும் இணையதளப் பெயர்கள் பெருந்தொகைக்குக் கைமாறுவதைப் பற்றித் தங்கள் வணிகப் பக்கத்தில் வெளியான செய்தியைப் படித்தேன். செய்தியில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால், நான் கணக்குப் பார்க்கும் குடும்ப நிறுவனம் ஒன்றின் பாகப்பிரிவினைப் பேச்சில் மறுநாளே அந்தத் தொகைகள் வந்து விழுந்ததால் இதை எழுத வேண்டியதாயிற்று.

அண்ணன், தம்பி இருவரும் கரூரிலிருந்து படுக்கை விரிப்புகளையும் திரைச்சீலைகளையும் ஏற்றுமதி செய்பவர்கள். தறிக்கூடம், கிடங்கு, சரக்கிருப்பு எல்லாவற்றுக்கும் மதிப்புப் போட்டு முடித்த பிறகு, தந்தையார் காலத்தில் பதிவு செய்த டாட் காம் பெயர் ஒன்றுதான் பாக்கி. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மதிப்பீட்டுக் கருவி ஒன்று காட்டிய தொகையைத் தம்பி அச்செடுத்து வந்தார். அண்ணன் வேறொரு கருவியின் தாளை எடுத்து வைத்தார். முதல் தொகை இரண்டாவதைவிட ஒன்பது மடங்கு அதிகம்.

இதில் வியப்பில்லை. பெயரின் நீளம், அது அகராதியில் உள்ள சொல்லா, டாட் காமா வேறு பின்னொட்டா, அந்தச் சொல்லை எத்தனை பேர் தேடுகிறார்கள், அதைப் போன்ற பெயர்கள் முன்பு என்ன விலைக்குப் போயின என்பவற்றை வைத்தே இக்கருவிகள் கணக்கிடுகின்றன. வாங்க ஆள் இருக்கிறாரா என்பது அவற்றுக்குத் தெரியாது. நிலத்துக்காவது அரசின் வழிகாட்டி மதிப்பு என்று ஒன்று இருக்கிறது. பக்கத்து மனை போன விலையும் இருக்கிறது. ஒரே சொல்லில் அமைந்த டாட் காம் பெயரோ உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அதற்குப் பக்கத்து மனை ஏது?

2019-இல் மைக்ரோஸ்ட்ராடஜி நிறுவனம் வாய்ஸ் டாட் காம் என்ற பெயரை 3 கோடி டாலருக்கு விற்றது. அதே பெயரில் சமூக வலைத்தளம் தொடங்கவிருந்த பிளாக் ஒன் என்ற நிறுவனத்துக்கு அந்தச் சொல்தான் வேண்டியிருந்தது, கையில் பணமும் இருந்தது. அவ்விரண்டும் ஒருவரிடமே சேர்ந்ததால் வந்த விலை அது. பிசினஸ் டாட் காம் 1997-இல் 1.5 லட்சம் டாலருக்கும், இரண்டே ஆண்டுகளில் 75 லட்சம் டாலருக்கும் விற்றது. அக்காலத்து இணைய மோகத்துக்கு அதில் பெரும் பங்கு உண்டு. 2010-இல் 3.56 கோடி டாலருக்குப் போன இன்சூரன்ஸ் டாட் காமைப் பெயரின் விலைக்கு உதாரணமாகக் காட்டுவது கணக்குப்படி சரியல்ல, ஏனெனில் அந்தத் தொகையில் நடந்துகொண்டிருந்த தளமும் அடங்கும். மேலும், விற்ற பெயர்கள் மட்டுமே பட்டியலில் ஏறுகின்றன; பல ஆண்டுகள் புதுப்பித்துப் புதுப்பித்துக் கடைசியில் கைவிடப்பட்ட பெயர்களை யாரும் பட்டியலிடுவதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டொமைன் என்பது பட்டா நிலமன்று, குத்தகை. ஒரே நேரத்தில் பத்தாண்டுகளுக்கு மேல் டாட் காம் பெயரைப் பதிவு செய்ய இயலாது. புதுப்பிக்கத் தவறினால் சில வாரக் கெடுவுக்குப் பின் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பிறருடைய வணிகப் பெயரை ஒத்த பெயரை விற்கும் நோக்கத்தோடு வாங்கி வைத்திருப்பவர், கருவி எத்தனை லட்சம் காட்டினாலும் அதைச் சொத்துக் கணக்கில் சேர்க்க வேண்டாம். டொமைன் பெயருக்கும் வணிகப் பெயருக்குரிய சட்டப் பாதுகாப்பு உண்டு என்று சத்யம் இன்ஃபோவே வழக்கில் 2004-இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே தம்பிக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. வெளிநாட்டில் இருப்பதாகச் சொல்லிக்கொண்ட ஒருவர் நல்ல விலை தருவதாகவும், அதற்குமுன் தாம் குறிப்பிடும் இடத்தில் கட்டணம் செலுத்தி மதிப்பீட்டுச் சான்றிதழ் பெற வேண்டும் என்றும் எழுதியிருந்தார். இது பழைய மோசடி. கட்டணம் போய்ச் சேர்ந்ததும் வாங்குபவர் மறைந்துவிடுவார். உண்மையாக வாங்க வருபவருக்கு விற்பவரின் சான்றிதழ் எதற்கு? நான் தடுப்பதற்குள் தம்பி கட்டிவிட்டார்; அதன்பின் ஒரு பதிலும் இல்லை. வணிகப் பக்கத்தில் இந்த மோசடியைப் பற்றியும் நான்கு வரி வெளியிட்டால் சிறு தொழில் நடத்துபவர்களுக்கு உதவியாக இருக்கும்.

சந்தை விலை தெரியாத நிலையில் நாங்கள் கணக்கைத் திருப்பிப் போட்டோம். இந்தப் பெயர் இல்லாமற்போனால் அண்ணனுக்கு என்ன செலவாகும்? அட்டைப்பெட்டிகள், துணிச் சீட்டுகள், மாதிரிப் புத்தகம் ஆகியவற்றைப் புதிதாக அச்சிடும் செலவு, வெளிநாட்டுக் கொள்முதலாளர் ஒவ்வொருவருக்கும் புது மின்னஞ்சல் முகவரியைத் தெரிவிக்கும் வேலை, அதற்குள் தவறிப்போகக்கூடிய ஆர்டர்கள் எனக் கூட்டிப் பார்த்தோம். கிடைத்த தொகை இரு கருவிகளும் காட்டியவற்றுக்கு நடுவில், சிறியதை ஒட்டியே இருந்தது. அதில் பாதியைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டுப் பெயரை அண்ணன் வைத்துக்கொண்டார். அந்த முகவரியில் தம்பியின் பெயருக்கு வரும் மின்னஞ்சல்களை இரண்டாண்டுகள் தவறாமல் அவருக்கு அனுப்பிவைப்பதாகப் பத்திரத்தில் ஒரு வரியும் சேர்க்கப்பட்டது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கணக்காளர், கரூர்.