முதல் சம்பளம் வரும் வரை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் மாவட்டத்தில் மறுபடியும் தனியார்துறை வேலைவாய்ப்பு முகாம் நடக்கப்போவதாக உங்கள் நாளிதழில் படித்தேன். போன முகாமில் வேலை வாங்கிய ஒரு பையனின் அம்மா நான். செங்கத்தில் வீட்டிலேயே துணி தைக்கிறேன்.

மகன் அரசு ஐ.டி.ஐ.யில் இரண்டு வருஷம் பிட்டர், அதாவது இயந்திர பாகங்களைச் செதுக்கிப் பொருத்தும் தொழில், படித்தான். மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 1,000 ரூபாய், பஸ் பாஸ், சைக்கிள், சீருடை எல்லாம் அரசாங்கம் கொடுத்தது. வாத்தியார்களும் நன்றாகச் சொல்லிக்கொடுத்தார்கள். அவன் அரத்தால் ராவிப் பொருத்திய இரண்டு இரும்புத் துண்டுகள் என் தையல் மெஷின் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தால் இடுக்கில் ஒரு பொட்டு வெளிச்சம் தெரியாது. துணி வெட்டிப் பிழைக்கிறவள் நான். அளவு ஒரு நூல் பிசகினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இந்தப் பிள்ளைகளுக்கு வேலை தெரியாது என்று யாரும் சொல்ல வேண்டாம்.

முகாமில் அன்றைக்கே ஆர்டர் கிடைத்தது. சென்னையை அடுத்த ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகக் கம்பெனி, பிடித்தம் போகக் கைக்கு 12,800. போன பிறகுதான் கணக்கு இடித்தது. ஐந்து பேர் தங்கும் ரூமுக்கு அவன் பங்கு அட்வான்ஸ் 5,000, வாடகை 2,000. 4-ஆம் தேதி சேர்ந்தவனுக்குச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிதான். கேன்டீனில் ஒரு வேளை சோறு, மற்றதெல்லாம் கடை. என் கம்மலை அடகு வைத்து 8,000 அனுப்பினேன். மூன்றாவது வாரம் நைட் ஷிப்ட். ஒருநாள் காலையில் போன் செய்து "சாப்ட்டியா?" என்றேன். "தூங்கி எழுந்து சாப்ட்டுக்கறேம்மா" என்றான். குரலிலேயே தெரிந்துவிட்டது. 26-ஆம் நாள் திரும்பி வந்துவிட்டான். உடம்பு வணங்காதவன் என்று தெருவில் பேசுகிறார்கள். அது அபாண்டம். இப்போது செல்போன் கடையில் நிற்கிறான். முகாம் கணக்கில் அவன் இன்னமும் வேலை கிடைத்தவன்தான்.

மத்திய அரசு 2014-இல் தொடங்கிய தீன்தயாள் உபாத்யாயா கிராமப்புறத் திறன் பயிற்சித் திட்டத்தில், வேலையில் சேர்ந்த பிறகும் மாதம் 1,000 ரூபாய் தருவதற்கு வழி வைத்திருந்தார்கள்: சொந்த மாவட்டம் என்றால் இரண்டு மாதம், மாநிலத்துக்குள் வெளி மாவட்டம் என்றால் மூன்று மாதம். இந்தக் காலத்துக்கு 1,000 போதாது. ஆனால் வெளியூர் போகிற பிள்ளைக்கு முதல் மாதங்கள்தான் கஷ்டம் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். ஐ.டி.ஐ. முடித்து முகாம் வழியாகப் போகிறவர்களுக்கும் நம் மாநில அரசு அப்படி ஒன்று செய்ய வேண்டும். கடனாகக் கொடுத்துச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டாலும் சரி.

தங்குமிடமும் அவசரம். ஒரகடத்துக்குப் பக்கத்தில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்க, மாநில அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான சிப்காட் கட்டிய குடியிருப்பை 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். எத்தனை தாய்மார் வயிற்றில் பால் வார்த்திருக்கும்! அதே பகுதியில் ஆண் பிள்ளைகளுக்கும் குறைந்த வாடகையில் விடுதி வேண்டும்.

வரும் முகாமுக்கும் போ என்று மகனிடம் சொல்லியிருக்கிறேன். "ரூம் அட்வான்சுக்கு என்னம்மா பண்றது?" என்று கேட்கிறான். கம்மல் இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு தாய்,
செங்கம், திருவண்ணாமலை மாவட்டம்.