பருவ இறுதிக் கடிதம்: மூன்றாம் வகுப்புப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இந்தப் பருவம் நல்லபடியாக முடிந்தது. விளையாட்டு விழா, ஓவியப் போட்டி, நாடகம் எல்லாவற்றிலும் பிள்ளைகள் உற்சாகமாகக் கலந்துகொண்டார்கள். அனைவருக்கும் வாழ்த்துகள்.

அப்புறம், ஆங்கில இலக்கண நோட்டு பற்றி ஒரு விஷயம். போன வாரம் ஒரு கட்டு நோட்டுகளை எடுத்துப் பார்த்தேன். மணி நேரத்தைக் குறிக்கும் 'அவர்' (hour) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு முன்னால் 'ஏ' (a) வருமா, 'ஆன்' (an) வருமா என்று ஒரு கேள்வி. முதலில் இருக்கும் h ஒலிக்காது, அதனால் எழுத்தைப் பார்த்தால் ஏமாந்துபோவோம். ஓசையைக் கேட்டால்தான் பிடிபடும். பிள்ளைகள் தவறட்டும், அங்கிருந்து பாடத்தைத் தொடங்கலாம் என்றுதான் ஆசிரியை அதை வைத்தார். ஆனால் எல்லா நோட்டிலும் 'ஆன்' என்றே இருந்தது. ஒரு குழந்தையைக் கூப்பிட்டு, "ஏன் 'ஆன்' போட்டாய்?" என்றேன். "அம்மா சொன்னாங்க" என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

பிள்ளைகள் ஆங்கிலத்தில் தவறுவது இயல்புதான். தமிழில் 'அப்பா டாக்டர்' என்றாலே வாக்கியம் முடிந்துவிடும். அந்தப் பழக்கத்தில் குழந்தை 'இஸ்' போட மறந்துவிடும். 'வான்ட்', 'வான்டட்' ஆவதைப் பார்த்துவிட்டு 'ஈட்டட்' என்று சொல்லும். யாரும் சொல்லித்தராமல் தானாகவே ஒரு விதியைக் கண்டுபிடித்திருக்கிறது! எனக்கு அது சந்தோஷமாகத்தான் இருக்கிறது. நிறுத்தித் திருத்தாமல், "ஓ, யூ ஏட் இட்?" என்று சரியான சொல்லை வைத்தே பேச்சைத் தொடருங்கள். பல தடவை காதில் விழுந்தால் தானே வந்துவிடும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். விடையை நீங்கள் எழுதவோ சொல்லிக்கொடுக்கவோ கூடாது. அடுத்த பருவம் முதல் அப்படி வரும் பக்கங்களைப் பிள்ளைகள் வகுப்பில் மறுபடி எழுத வேண்டியிருக்கும். தப்புக்காகக் குட்டுவது, மற்ற பிள்ளையோடு ஒப்பிடுவது வேண்டவே வேண்டாம்.

மதிப்பெண் குறைந்துவிடுமோ என்ற பயத்தில்தான் செய்கிறீர்கள் என்று புரிகிறது. வீட்டுப்பாடத்துக்கு மதிப்பெண்ணே கிடையாது. தினமும் பத்து நிமிடம் பக்கத்தில் உட்காருங்கள், போதும். பென்சிலைப் பெட்டிக்குள், பெட்டிமேல், பெட்டிக்கு அடியில் என்று மாற்றி மாற்றி வைத்துக் கேளுங்கள். 'இன்' (in), 'ஆன்' (on), 'அண்டர்' (under) மூன்றும் விளையாட்டிலேயே வந்துவிடும். ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாதவர்கள், பிள்ளையை வாசிக்கச் சொல்லி ஆசையாகக் கேளுங்கள். தெரியாத இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு அனுப்புங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

வேலை முடிந்து வந்த களைப்பிலும் தினமும் நோட்டைத் திறந்து பார்க்கிறீர்களே, அதற்கு மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்