முப்பது சிவப்பு வட்டங்கள்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. விடைத்தாள் கட்டு நேற்றுதான் தீர்ந்தது. "உன் மாணவர்களின் ஆங்கிலம் எப்படி?" என்று கேட்டிருந்தாய். எங்கள் ஆசிரியர் அறையில் கேட்டால் ஒரே பதில்தான்: வருஷத்துக்கு வருஷம் மோசம். நம்மைப் பற்றியும் நம் ஆசிரியர்கள் இதையேதானே சொன்னார்கள்!

நானும் அந்தக் கோஷ்டிதான். இந்தப் பருவத்தில் ஒரு மாணவி என்னைக் குழப்பிவிட்டாள். வகுப்பில் வாயே திறக்க மாட்டாள். கேள்வி கேட்டால் எழுந்து நின்று புத்தகத்தையே பார்ப்பாள். 'தேறாது' என்று மனதுக்குள் குறித்து வைத்திருந்தேன். அவள் கட்டுரையின் முதல் பக்கத்திலேயே முப்பது சிவப்பு வட்டம் போட்டேன். எண்ணிப் பார்த்தால் இருபதுக்கு மேல், பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் 'ஏ' (a), 'தி' (the) விட்டுப்போனவை. அவள் தாய்மொழியில் அப்படிச் சொற்களே கிடையாது. பேனாவை மூடிவிட்டு மறுபடி படித்தேன். வாதம் நூல் பிடித்த மாதிரி போகிறது! வகுப்பில் ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளும் இன்னொருவன், 'எவாலுவேட்' (மதிப்பிடு) என்று கேட்ட கேள்விக்கு இரண்டு பக்கம் கதை எழுதியிருந்தான். மதிப்பீடு மருந்துக்கும் இல்லை.

அன்றாடம் பேசும் பேச்சுமொழி வேறு, பாடம் படிக்கவும் எழுதவும் வேண்டிய பாடமொழி வேறு என்று மொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1979இலேயே பிரித்துச் சொன்னார். தேர்வுக்கு உருப்போட்டோமே! பேச்சு இரண்டு வருஷத்தில் படிந்துவிடும், பாடமொழிக்கு ஐந்து முதல் ஏழு வருஷம் என்றார். அதுவும் கனடாவில் குடியேறி, நாள் முழுக்க ஆங்கிலம் காதில் விழுந்த பள்ளிக் குழந்தைகளுக்கு. நம் மாணவர்களுக்கு வாரத்தில் சில மணி நேரம்தான்.

அப்புறம், மற்றத் துறைக்காரர்கள். "அறிக்கைகூட எழுதத் தெரியவில்லை, நீங்கள் என்ன கற்றுக்கொடுக்கிறீர்கள்?" என்று என்னைப் பிடிக்கிறார்கள். மொழியியல் ஆய்வாளர் ஆவெரில் காக்ஸ்ஹெட் 2000இல் தொகுத்த ஆங்கிலக் கல்விச் சொற்பட்டியலில் 570 சொற்குடும்பங்கள், அதாவது ஒரே சொல்லிலிருந்து கிளைத்த சொற்களின் கூட்டங்கள். 'அனலைஸ்' (பகுத்தாராய்), 'எவாலுவேட்' எல்லாம் அதில் உண்டு. எந்தத் துறைப் புத்தகத்தைத் திறந்தாலும் கண்ணில் படுகிறவைதான். ஆனால் அவற்றைச் சொல்லிக்கொடுப்பது மட்டும் என் தலையில்! சண்டை போடவில்லை. கொஞ்சம் போட்டேன், சரி.

அந்த மாணவியிடம் கேட்டுக்கொண்டு, பெயரை நீக்கி, வட்டங்கள் இல்லாத பிரதி ஒன்றை அனுப்புகிறேன். முதல் வாசிப்புக்குப் பேனா எடுக்காதே. நீயாக இருந்தால் எவ்வளவு மதிப்பெண் போடுவாய் என்று எழுது. நான் போட்டதை அப்புறம் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்