தூக்கு என்றதும் வாயடைத்துப்போன பாட்டி

தமிழ்நாடு சட்டமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்ட வழக்குகளில் பிள்ளைகள் பக்கம் நின்று பத்து வருடங்களுக்கு மேலாக நீதிமன்றப் படி ஏறி இறங்கும் வழக்கறிஞர் நான். ஒரு பாட்டியைப் பற்றி உங்களிடம் சொல்ல வேண்டும்.

பேத்தியின் கையைப் பிடித்து அவரே காவல் நிலையத்துக்கு வந்தார். குற்றம் செய்தவன் அவருடைய இளைய மகன், பிள்ளைக்குச் சித்தப்பா. அன்று அவரிடம் எந்தத் தயக்கமும் இல்லை. அப்புறம் ஊரில் யாரோ, "இப்போ சட்டம் மாறிடுச்சு, இதுக்குத் தூக்குதான்" என்றார்கள். சாட்சி சொல்ல வந்த நாளில் பாட்டி பிறழ்சாட்சி ஆனார். தனக்கு எதுவும் தெரியாது என்றார். வெளியே வராந்தா பெஞ்சில் பிஸ்கட் பாக்கெட்டோடு உட்கார்ந்திருந்த பேத்தியின் பக்கத்தில்கூட அவர் உட்காரவில்லை. என்னிடம் மட்டும் சொன்னார்: "அவனைத் தூக்குல போட்டுட்டா நான் யார் முகத்துலம்மா முழிப்பேன்?" அடுத்த வாய்தாவில் பிள்ளையும் பேசவில்லை. அவன் விடுதலையாகிவிட்டான்.

போக்சோ சட்டத்தில் மரண தண்டனை 2019இல் சேர்ந்தது. பிள்ளைகளைக் காக்கத்தான் சேர்த்தார்கள். ஆனால் இந்த வழக்குகளில் 10க்கு 9க்கு மேல் குற்றவாளி தெரிந்த ஆள்: மாமா, பக்கத்து வீட்டுக்காரர், வாத்தியார், சில நேரம் அப்பா. தண்டனை கூடக் கூட அந்த வீட்டுக்குள் பிள்ளையின் வாயைப் பொத்தும் கைகளும் கூடும்.

மக்களின் கோபம் நியாயமானது, எனக்கும் அது உண்டு. 2012 டிசம்பரில் ஓடும் பேருந்தில் ஒரு மாணவி கூட்டு வன்கொடுமைக்கு ஆளானதும் டெல்லித் தெருக்களில் பொங்கிய கோபத்தால்தான், பாலியல் குற்றச் சட்டங்களை ஆராய நீதிபதி வர்மா குழு அமைந்தது. ஏறத்தாழ 80,000 கருத்துகளை வாங்கிப் படித்து ஒரே மாதத்தில் அறிக்கை தந்த அந்தக் குழு, மரண தண்டனை வேண்டாம் என்றது. காவல்துறையைச் சீர்திருத்துங்கள் என்றது. அடுத்த சில நாட்களில் வந்த அவசரச் சட்டத்தில் மரண தண்டனை இருந்தது, காவல்துறைச் சீர்திருத்தம் இல்லை.

2019 டிசம்பர் 6 அன்று ஹைதராபாத் அருகே, ஒரு பெண் மருத்துவரின் பாலியல் கொலை வழக்கில் கைதான நால்வரைச் சுட்டுக் கொன்ற போலீசார் மீது மக்கள் பூத் தூவினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த ஆணையம் பிறகு விசாரித்து, கொல்லும் நோக்கத்தோடுதான் சுட்டார்கள் என்றது. நால்வரில் மூவர் சிறுவர்கள் என்றும் சொன்னது. அதே மாதம் ஆந்திரப் பேரவை, 21 நாளில் தீர்ப்பு, மரண தண்டனை என்று திஷா மசோதாவை நிறைவேற்றியது. அது நடைமுறைக்கே வரவில்லை.

நம் பேரவைக்கு வருகிறேன். அண்ணா பல்கலைக்கழக மாணவிக்கு 2024 டிசம்பரில் நடந்த பாலியல் கொடுமைக்குப் பிறகு, தண்டனைகளைக் கூட்டும் மசோதா 2025 ஜனவரி 10 அன்று அறிமுகமாகி மறுநாளே நிறைவேறியது. அந்த வழக்கில் நீதி எப்படிக் கிடைத்தது என்று பாருங்கள். உயர் நீதிமன்றம் அமைத்த பெண் அதிகாரிகளின் சிறப்புக் குழு விசாரித்தது. ஐந்து மாதச் சொச்சத்தில், ஜூன் 2 அன்று, சென்னை மகளிர் நீதிமன்றம் குறைந்தது 30 ஆண்டு சிறை என ஆயுள் தண்டனை விதித்தது. அதற்குப் பழைய சட்டமே போதுமானதாக இருந்தது. அந்த மாணவியின் விவரங்களோடு எஃப்.ஐ.ஆர். வெளியே கசிந்ததே, எந்தத் தண்டனைப் பிரிவைக் கடுமையாக்கினால் அது நின்றிருக்கும்?

நான் பார்க்கும் வழக்குகள் தண்டனை போதாமல் தோற்பதில்லை. தடய ஆய்வக அறிக்கை வராமல் தோற்கின்றன. புலனாய்வு அதிகாரி மாற்றலாகிப் போவதால் தோற்கின்றன. பிள்ளையின் சாட்சியத்தை 30 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், ஓராண்டுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும் என்று போக்சோ சட்டமே சொல்கிறது. ஆறாம் வகுப்பில் புகார் கொடுத்த பிள்ளை பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு நடுவில் சாட்சி சொல்ல வந்ததை நான் பார்த்திருக்கிறேன். நாடு முழுக்க 2022இல் விசாரணை முடிந்த பாலியல் வன்கொடுமை வழக்குகளில் தண்டனையில் முடிந்தவை 100க்கு 27 சொச்சம்தான்.

எந்தக் கட்சியானாலும் சரி, உங்களிடம் நான் கேட்பது இதுதான். அடுத்த மானியக் கோரிக்கை விவாதத்தில் எழுந்து, உங்கள் மாவட்டத்தில் எத்தனை போக்சோ வழக்குகள் ஓராண்டைத் தாண்டிக் கிடக்கின்றன, எத்தனை ஆய்வக அறிக்கைகள் பாக்கி, எத்தனை பிள்ளைகளுக்கு இடைக்கால நிவாரணத் தொகை இன்னும் போய்ச் சேரவில்லை என்று கேளுங்கள். பதில் அவைக்குறிப்பில் ஏறட்டும்.

இப்படிக்கு,
ஒரு வழக்கறிஞர்